எழுபதுக்குப் பிறகு எட்டாயிரம் மீட்டர்

2013 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது ஜப்பானியரான யூயிச்சிரோ மியூராவுக்கு வயது 80 ஆண்டு, 223 நாள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் இருதயத் துடிப்புக் கோளாறுக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கும் நாலு வருஷம் முன்னால் பனிச்சறுக்கில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இந்த மாதிரிச் செய்தி வந்தால் போதும், 'வயசு வெறும் நம்பர்தான்' என்ற ஒரு வரியோடு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். எனக்கு அந்த வரி பிடிப்பதில்லை. வயது வெறும் எண் இல்லை. உடம்பில் அளந்து பார்க்கக்கூடிய விஷயம். மியூரா அதை அலட்சியப்படுத்தி மேலே போகவில்லை, அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் போனார். அந்தக் கணக்கு என்ன, அதில் யார் யார் பங்கு இருக்கிறது என்று கொஞ்ச நாளாகவே குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவற்றை ஒழுங்குபடுத்தி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் உயரத்தைப் பற்றி. உலகில் 8,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைகள் மொத்தம் 14. எல்லாமே இமயத்திலும் அதை ஒட்டிய காரகோரம் தொடரிலும்தான். அங்கே காற்றில் ஆக்சிஜன் 'குறைவு' என்று சொல்வது வழக்கம். சரியாகச் சொன்னால் விகிதம் குறைவதில்லை. இங்கே இருக்கிற அதே 21 சதவீதம்தான் அங்கேயும். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம். எவரெஸ்ட் உச்சியில் 1981-இல் ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்வுக்குழு அளந்தபோது 253. மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் வந்து சேருவது இங்கே வருவதில் மூன்றில் ஒரு பங்குக் காற்று.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த ஆக்சிமீட்டர் ஞாபகம் இருக்கும். 94-க்குக் கீழே போனால் பதற்றம், 90-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. 2007-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் குழு எவரெஸ்ட் உச்சியிலிருந்து இறங்கும் வழியில், 8,400 மீட்டரில், தங்கள் தொடையிலேயே ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். நான்கு பேரின் சராசரி 54 சதவீதம். ஒருவருக்கு 34. நம்மூர் ஐ.சி.யூ.வில் இந்த எண் வந்தால் உறவினரைக் கூப்பிட்டுப் பேசிவிடுவார்கள். அந்த மனிதரோ நடந்துகொண்டிருந்தார். பல வாரங்கள் படிப்படியாக உயரத்துக்குப் பழகியதால்தான் அது முடிந்தது.

இதில் வயது எங்கே வருகிறது?

உடம்பு முழு வேகத்தில் உழைக்கும்போது நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்த முடியும் என்று ஓர் அளவு இருக்கிறது. வி.ஓ.டூ மேக்ஸ் என்பார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று சொல்வது வழக்கம். நல்ல உடற்பயிற்சி உள்ள இளைஞருக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். சும்மா உட்கார்ந்திருக்கவே 3.5 வேண்டும். முப்பது வயதுக்குப் பிறகு இந்த உச்ச அளவு பத்து வருஷத்துக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் என்று இறங்குகிறது. இருதயம் அதிகபட்சம் எவ்வளவு வேகமாகத் துடிக்கும் என்பது வயதோடு குறைவது இதற்கு முக்கியக் காரணம். தசை கரைவது இன்னொன்று. பயிற்சி செய்தால் சரிவு மெதுவாகும், நிற்காது.

எவரெஸ்ட் உச்சியில், சிலிண்டர் இல்லாமல், நன்கு பழகிய உடம்பில்கூட இந்த அளவு 15 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது கீழே இருந்ததில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. 15-ஐ வைத்துக்கொண்டு ஒரு அடி வைத்து, நாலைந்து மூச்சு வாங்கி, அடுத்த அடி வைக்கலாம். ஓடவோ, ஒருவரைத் தூக்கவோ, வழி தவறினால் திரும்பி வேகமாக நடக்கவோ முடியாது. முப்பது வயதுக்காரருக்கே நிலைமை இதுதான்.

இப்போது 80 வயதுக்கு வருவோம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்வீடனில் வாழ்நாள் முழுவதும் பனிச்சறுக்கு ஓட்டப் பயிற்சியை விடாமல் செய்துவந்த, சராசரி 81 வயதான கிழவர்கள் ஒன்பது பேரை, பயிற்சி இல்லாத அதே வயதுக்காரர்களோடு ஒப்பிட்டார்கள். பயிற்சி இல்லாத, ஆனால் ஆரோக்கியமான முதியவர்களுக்கு 21. அந்த ஒன்பது பேருக்கு 38. முதலில் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 38 என்பது நம்மில் பல நாற்பது வயதுக்காரர்களுக்கே இல்லாத அளவு.

சரி, இதை மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். என்னுடைய தோராயக் கணக்குதான், மருத்துவக் கணக்கு இல்லை. 21-இல் பத்துக்கு மூன்று என்றால் 6 சொச்சம். உட்கார்ந்திருக்க 3.5 போனால் மிச்சம் மூன்றுகூட இல்லை. எழுந்து நின்று பூட்ஸ் மாட்டுவதற்கே அது காணாது. 38-இல் பத்துக்கு மூன்று என்றால் 11 சொச்சம். நகரலாம், ஆனால் நகர்வதைத் தவிர வேறு எதற்கும் கையில் எதுவும் இருக்காது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால், வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டி வந்தால், கையுறை பறந்துவிட்டால், சமாளிக்க வேண்டிய கூடுதல் பலம் எங்கிருந்து வரும்?

இதைத்தான் நான் கையிருப்பு என்று சொல்வேன். இளைஞருக்கும் முதியவருக்கும் உள்ள வித்தியாசம் ஏற முடியுமா முடியாதா என்பதில் இல்லை. எல்லாம் திட்டப்படி நடந்தால் இரண்டு பேரும் ஏறலாம். திட்டம் தவறும்போது செலவழிக்க யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். வயதான பிறகு எட்டாயிரம் மீட்டர் போகிறவர்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் கையிருப்பை வெளியிலிருந்து வாங்குகிறார்கள்.

முதலில் வாங்குவது ஆக்சிஜன். சிலிண்டரைத் திறந்து மாஸ்க் மாட்டிக்கொண்டால் மலை ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் இறங்கி வந்து நிற்பது போல உடம்புக்குத் தோன்றும். எவ்வளவு திறந்துவிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும் 1978-இல் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் ஏறிக் காட்டினார்கள்; அப்போது இருவருமே நாற்பதைத் தொடவில்லை. எழுபதைக் கடந்தவர்கள் எவரெஸ்ட் போவது சிலிண்டரோடுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: மாஸ்க் உறைந்து அடைத்துக்கொண்டாலோ சிலிண்டர் தீர்ந்துபோனாலோ, இறங்கி வந்த அந்த இரண்டாயிரம் மீட்டரும் ஒரே நிமிஷத்தில் திரும்ப ஏறிவிடும்.

அடுத்து வாங்குவது நேரம். இதில் மியூராதான் வாத்தியார். இவர் 1970-இலேயே எவரெஸ்டின் தெற்குக் கணவாய்ப் பக்கத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு பனிச்சறுக்கில் இறங்கிப் புகழ்பெற்றவர். அந்தப் படத்துக்கு ஆஸ்கார் விருதுகூடக் கிடைத்தது. அதன் பிறகு எல்லோரையும் போல வயிறு போட்டது, ரத்த அழுத்தம் வந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு நாள், சப்போரோ நகரை ஒட்டிய மோய்வா என்ற 531 மீட்டர் குன்றில் ஏற முடியாமல் மூச்சு வாங்கி நின்றார். அப்பா கெய்ஸோ மியூராவோ தொண்ணூறைக் கடந்தும் சறுக்கிக்கொண்டிருந்தார்; 99 வயதில் ஆல்ப்ஸில் மோன் ப்ளாங் பனிச்சரிவில் இறங்கியவர் அவர். இப்படி ஒரு அப்பா இருந்தால் மகனுக்கு நிம்மதி ஏது? அறுபத்தைந்து வயதில் மகன் காலில் எடை கட்டி, முதுகில் எடை சுமந்து, தெருவில் நடக்க ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டினார். 2003-இல் 70 வயதில் எவரெஸ்ட். 2008-இல் 75 வயதில் மறுபடி. 2013-இல் மூன்றாவது.

அந்த மூன்றாவது பயணத்தில் அவர் பின்பற்றிய வழிக்கு ஜப்பானிய மொழியில் ஒரு பழஞ்சொல்லை எடுத்துக்கொண்டார். வயசாளிக்கு அரை நாள் வேலை போதும் என்பது அதன் பொருள். மற்றவர்கள் ஒரு நாளில் நடக்கிற தூரத்தை இவர் இரண்டு நாளாகப் பிரித்தார். காலையில் நடப்பது, மதியத்துக்குப் பிறகு ஓய்வு. மேலே வழக்கமான முகாம்களுக்கு நடுவில் கூடுதலாக ஒன்றும் வைத்துக்கொண்டார். கூடவே மகன் கோட்டா. எட்டாயிரம் மீட்டருக்கு மேலேயும் நிறுத்தி நிதானமாகப் பச்சைத் தேநீர் குடித்தார்கள். படங்களைப் பார்க்கும்போது விளையாட்டு போலத் தெரியும். உண்மையில் அதில் ஒரு மருத்துவ நியாயம் இருக்கிறது. இருதயத்தை அதன் உச்ச வேகத்துக்குப் பக்கத்தில் ஒருபோதும் கொண்டுபோகாமல் இருப்பது. உச்ச அளவே குறைந்துபோன உடம்பில், அந்த உச்சத்தின் பாதியிலேயே எல்லா வேலையையும் முடிப்பது.

இதையொட்டி ஒரு விநோதம். உயரத்தில் வரும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, இவற்றைச் சேர்த்து மலைநோய் என்கிறோம் அல்லவா, அது வயதானவர்களுக்கு அதிகம் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பல ஆய்வுகளில் இளைஞர்களைவிட முதியவர்களுக்கு அது கூடுதலாக வருவதில்லை, சிலவற்றில் குறைவாகவே வருகிறது. அவசரப்படாமல் ஏறுவது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு விளக்கம் கேட்கக் கொஞ்சம் சங்கடமானது: வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது, உயரத்தில் மூளை வீங்கும்போது மண்டையோட்டுக்குள் அதற்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. மறதிக்குக் கிடைத்த நஷ்ட ஈடு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் மலைநோய் வரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. தாகம் எடுப்பது வயதோடு மங்குகிறது. வறண்ட குளிர்காற்றில் ஒவ்வொரு மூச்சிலும் நீர் போகிறது. ரத்தம் ஏற்கெனவே உயரத்துக்குப் பழகிக் கெட்டியாகியிருக்கிறது. இருதயத்துக்கும் மூளைக்கும் போகிற குழாய்களுக்கு இது நல்ல சேர்க்கை இல்லை. குளிரில் விரல் நுனிக்கு ரத்தம் திரும்பி வருவதும் மெதுவாகிறது.

எண்கள் என்ன சொல்கின்றன? 1990 முதல் 2005 வரை எவரெஸ்டுக்கு முதல்முறையாகப் போனவர்களின் பதிவுகளை வைத்து ரேமண்ட் ஹியூவி என்ற அமெரிக்க உயிரியலாளரும் அவரது குழுவினரும் 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொத்தத்தில் உச்சியைத் தொட்டவர்கள் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர். அறுபதைத் தாண்டியவர்களில் எட்டில் ஒருவர் என்ற அளவு. நாற்பதிலிருந்தே வாய்ப்பு இறங்க ஆரம்பிக்கிறது. இறப்பு விகிதமோ அறுபதுக்கு மேல் மற்றவர்களைப் போல மூன்று மடங்குக்குப் பக்கம். அதைவிட என்னை நிறுத்தியது வேறு எண்: உச்சியைத் தொட்ட அறுபது வயதுக்காரர்களில் நான்கில் ஒருவர் இறங்கும் வழியில் இறந்திருக்கிறார். உச்சியைத் தொட்ட அந்த வயதுக்காரர்களே அப்போது மிகக் கொஞ்சம் பேர்தான் என்பதால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. ஆனால் அது காட்டுகிற திசை சரி.

ஏனென்றால் எவரெஸ்டில் எல்லா வயதிலும் இறங்குவதுதான் கொல்கிறது. 2006 வரையிலான இறப்புகளை அலசிய இன்னோர் ஆய்வில், 8,000 மீட்டருக்கு மேல் இறந்த மலையேறிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் உச்சிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இறந்தவர்கள். ஏறும்போது இறந்தவர்கள் மிகக் குறைவு. அவர்களிடம் காணப்பட்ட அறிகுறிகள் அசாத்தியக் களைப்பு, குழப்பம், கால் தடுமாறுவது. ஏறும்போது நுரையீரலும் இருதயமும் பேசுகின்றன; மூச்சு வாங்கினால் நிற்போம். இறங்கும்போது பேச வேண்டியது தொடை. ஒவ்வொரு அடியிலும் முழு எடையையும் பிடித்து நிறுத்துகிற தசை அது. மூச்சு வாங்காது, அதனால் எச்சரிக்கையும் வராது. வயதில் முதலில் கரைவது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். கால் இடறினால் சட்டென்று ஊன்றிப் பிடிக்க உதவுவது அவைதான். நீண்ட தூரம் மெல்ல நடக்கிற சக்தி எழுபதிலும் இருக்கும், இடறும்போது நிற்கிற சக்தி இருக்காது. எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. பழனிப் படியில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கைப்பிடியைத் தேடுகிறேன். உங்களுக்கும் அப்படித்தானே?

ஹியூவி குழுவினரே 2020-இல் மறுபடியும் கணக்குப் பார்த்தார்கள். 2006 முதல் 2019 வரையிலான காலத்தில் உச்சியைத் தொடுகிறவர்கள் மூன்றில் இரண்டு பேர் என்று ஆகியிருந்தது. முன்பு நாற்பது வயதுக்காரருக்கு இருந்த வெற்றி வாய்ப்பு இப்போது அறுபது வயதுக்காரருக்கு இருக்கிறது. இருபது வருஷம் இளமை! ஆனால் மனித உடம்பு பதினைந்து வருஷத்தில் மாறிவிடவில்லை. வானிலை முன்னறிவிப்பு துல்லியமானது, சிலிண்டர் நிறையக் கிடைத்தது, அடியிலிருந்து உச்சிவரை கயிறு கட்டிவைக்கப்பட்டது, ஒருவருக்குத் துணையாகப் போகிற ஷெர்பாக்களின் எண்ணிக்கை கூடியது. சுருக்கமாக, கையிருப்பு கடையில் கிடைக்க ஆரம்பித்தது.

இந்தக் கடைக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1985-இல் டிக் பாஸ் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் 55 வயதில் எவரெஸ்ட் ஏறினார். அப்போது அதுவே வயதில் சாதனை. அவர் தொழில்முறை மலையேறி இல்லை. டேவிட் ப்ரெஷியர்ஸ் என்ற கைதேர்ந்த மலையேறியும் அங் புர்பா என்ற ஷெர்பாவும் கூடப் போனார்கள். வசதியும் உறுதியும் நல்ல துணையும் இருந்தால் நடுத்தர வயதுக்காரரும் போகலாம் என்று பலருக்கும் தோன்ற அது ஒரு காரணம். அதன் பிறகு வயதுச் சாதனை கைமாறிக்கொண்டே வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏறக்குறைய அது ஜப்பானியப் பணி ஓய்வாளர்களின் தனிப் போட்டியாகவே ஆகிவிட்டது. 2003-இல் மியூரா வைத்த சாதனையை 2006-இல் தக்காவோ அராயாமா மூன்றே நாள் வித்தியாசத்தில் முறித்தார். 70 வருஷ வாழ்க்கையில் மூன்று நாள்! அடுத்த வருஷம் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் கட்சுசுகே யானகிசாவா 71 வயதில் அதைத் தாண்டினார்.

2008-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. மியூரா தன் 75 வயதில் மே 26 அன்று உச்சிக்குப் போய்ச் சேர்கிறார். முந்தைய நாள், மே 25 அன்று, நேபாளத்தின் மின் பகதூர் ஷெர்ச்சான் 76 வயது 340 நாளில் போய்விட்டு வந்திருந்தார். பிரிட்டிஷ் கூர்க்கா படையில் சிப்பாயாக இருந்தவர். ஐந்து வருஷம் கழித்து மியூரா அந்தச் சாதனையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஷெர்ச்சானால் அதை அப்படியே விட முடியவில்லை. 2015-இல் மறுபடி கிளம்பினார். அந்த வருஷம் பூகம்பம் வந்து எல்லோரும் திரும்பினார்கள். 2017-இல் மீண்டும் போனார். மே 6 அன்று பேஸ் கேம்பிலேயே இறந்துபோனார். வயது 85. அவருக்கு முன்பே, 2011-இல், நேபாளத்தின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் சைலேந்திர குமார் உபாத்யாய் 82 வயதில் இதே சாதனைக்காகப் போய், முதல் முகாமுக்கு மேல் தாண்டாமலே இறந்தார். இந்தப் பெயர்கள் வாட்ஸ்அப்பில் வருவதில்லை.

2013 பயணத்துக்கும் ஒரு பின்பகுதி உண்டு. மியூரா உச்சியிலிருந்து 6,500 மீட்டரிலுள்ள இரண்டாவது முகாம் வரை நடந்து இறங்கினார். அங்கிருந்து பேஸ் கேம்புக்கு ஹெலிகாப்டர். கும்பு பனியருவி என்கிற, பிளவுகளும் ஆடும் பனிக்கட்டிகளும் நிறைந்த அந்த இடத்தை அவர் இறங்கும்போது கடக்கவில்லை. அப்படியென்றால் அது முழு ஏற்றமா என்று கேட்பவர்கள் உண்டு. மலை ஏறுவது என்றால் இறங்குவதும் சேர்த்துத்தான் என்பது பழைய மலையேறிகளின் வழக்கு. எனக்கு இதில் இரண்டு மனசு. சாதனைப் புத்தகத்துக்கு அது குறைதான். எண்பது வயது உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கிற எனக்கோ, அந்த ஹெலிகாப்டர்தான் மிக நேர்மையான தகவல்: ஏற இருந்த பலம் முழுவதும் இறங்க மிச்சம் இருக்கவில்லை.

இந்த மலைகளில் ஒருவர் வாங்குகிற கையிருப்பு இன்னொருவர் முதுகில்தான் மேலே வருகிறது. முதியவர் ஒரு நாள் தூரத்தை இரண்டு நாளாகப் பிரித்தால், அந்தக் கூடுதல் நாளுக்கான கூடாரம், எரிவாயு, சாப்பாடு, சிலிண்டர் எல்லாம் யாரோ தூக்கிவர வேண்டும். தூக்குகிறவர் பனியருவியை அவரைவிடப் பல மடங்கு தடவை கடக்கிறார். ஆபத்து அங்கே தடவைக் கணக்கில்தான். 2014 ஏப்ரல் 18 காலையில் அதே பனியருவியில் பனிப்பாளம் சரிந்தபோது இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். சாமான் சுமந்து போய்க்கொண்டிருந்தவர்கள்.

ஷெர்பாக்களுக்கும் வயதாகிறது என்பதை நாம் பேசுவதே இல்லை. அங் ரீத்தா ஷெர்பா சிலிண்டர் இல்லாமல் பத்து தடவை எவரெஸ்ட் ஏறியவர். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. கடைசி ஏற்றம் 1996-இல். பிறகு நெடுநாள் உடல்நலம் இல்லாமல் இருந்து 2020-இல் 72 வயதில் காலமானார். காமி ரீத்தா ஷெர்பா 2025 மே மாதம் 31-ஆவது முறையாக எவரெஸ்ட் ஏறியபோது அவருக்கு 55 வயது. டிக் பாஸ் உலக சாதனை வைத்த அதே வயது! ஒருவருக்கு அது வாழ்நாள் கனவு, இன்னொருவருக்கு அந்த வருஷத்து வேலை. காமி ரீத்தாவின் வயதை யாரும் தலைப்பில் போடவில்லை, எண்ணிக்கையைத்தான் போட்டார்கள்.

அதனால் ஒரு முதியவர் எவரெஸ்ட் போகவே கூடாது என்று சொல்கிறேனா? இல்லை. வேலை கிடைக்கிறது, கூலி கிடைக்கிறது, அந்தப் பள்ளத்தாக்கு அதில்தான் வாழ்கிறது. எத்தனை பேர் கூடப் போனார்கள், யாருக்காக எத்தனை தடவை நடந்தார்கள் என்பதையும் சாதனையோடு சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். மியூராவின் 80-ஐச் சொல்லும்போது அதையும் சொன்னால் அந்த 80 குறைந்துவிடாது.

எழுபதுக்குப் பிறகான மலையேற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் சாதனைக்காரர்களில் வேறு ஒருவர்: ஸ்பெயின்காரர் கார்லோஸ் சோரியா. 1939-இல் ஆவிலாவில் பிறந்தவர். சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கிற தொழில். ஓய்வு பெறுகிற வரை அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே லீவு கிடைக்கும்போது மலைக்குப் போனார். முதல் எட்டாயிரம் மீட்டர் மலை, நங்கா பர்பத், 1990-இல், 51 வயதில். எவரெஸ்ட் 62-இல். கேடூ 65-இல். மகாலு 69-இல். அறுபதுக்கு மேல் தொட்ட மலைகள் மட்டும் பத்து. காஞ்சன்ஜங்கா 75-இல், அன்னபூர்ணா 77-இல். அன்னபூர்ணா என்றால் பதினான்கிலும் போனவர்களில் அதிகம் பேரைத் திருப்பி அனுப்பாத மலை என்று பெயர் வாங்கியது.

பதினான்கில் பாக்கி இரண்டு: ஷிஷபங்மா, தௌலகிரி. தௌலகிரிக்குப் பத்து தடவைக்கு மேல் போய்ப் பத்து தடவைக்கு மேல் திரும்பி வந்திருக்கிறார். அவருடைய பட்டியலில் என்னைக் கவர்வது இந்தத் திரும்பி வந்த வரிசைதான். பனி சரியில்லை, காற்று சரியில்லை, கயிறு போதவில்லை, சரி, அடுத்த வருஷம் பார்ப்போம். எழுபத்தைந்து வயதுக்காரர் 'அடுத்த வருஷம்' என்று சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். இளைஞருக்கு அடுத்த வருஷம் இலவசம். இவருக்கு ஒவ்வொரு அடுத்த வருஷத்திலும் உச்ச அளவு ஒரு சதவீதம் இறங்கியிருக்கும். நடுவில் முழங்கால் மூட்டையே மாற்றிச் செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டார், அதோடும் போனார்.

2023 மே மாதம், 84 வயதில், தௌலகிரியில் ஏறக்குறைய 7,700 மீட்டரில் இருந்தபோது மேலே இருந்த ஒரு ஷெர்பா சறுக்கி அவர்மேல் விழுந்தார். சோரியாவின் கால் எலும்பு முறிந்தது. அவர் தளர்ந்து விழவில்லை, வழி தவறவில்லை; அவர் செய்த தப்பு எதுவுமில்லை. முப்பது வயதுக்காரருக்கும் அதே முறிவு ஏற்பட்டிருக்கும். அந்த உயரத்திலிருந்து நடக்க முடியாதவரை இறக்குவது பெரும்பாலும் முடிகிற காரியம் இல்லை. ஷெர்பாக்களும், தங்கள் ஏற்றத்துக்காக அதே மலைக்கு வந்திருந்த போலந்து மலையேறிகளும், கயிற்றில் கட்டி, இழுத்து, தூக்கி, ஹெலிகாப்டர் வரக்கூடிய உயரம் வரை இறக்கினார்கள். ஒரே நாளில் முடிந்த வேலை இல்லை அது. அவர் பிழைத்தார்.

அவ்வளவுதான், முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சோரியாவுக்கு மனாஸ்லுவோடு ஒரு பழைய கணக்கு இருந்தது. ஸ்பெயின்காரர்கள் முதன்முதலில் தொட்ட எட்டாயிரம் மீட்டர் மலை அது, 1975-இல். அந்தக் குழுவில் சோரியாவும் இருந்தார். உச்சிக்குப் போனவர்களில் அவர் இல்லை. 2010-இல் 71 வயதில் தனியாக அந்தக் கணக்கை ஒருமுறை தீர்த்துவிட்டார். அப்புறம் அந்த முதல் பயணத்தின் ஐம்பதாவது ஆண்டு வந்தது.

2025 செப்டம்பர் 26 அன்று மனாஸ்லு உச்சியில் நின்றார். 8,163 மீட்டர். வயது 86. எட்டாயிரம் மீட்டர் மலை எதிலும் அந்த வயதில் யாரும் நின்றதில்லை. கூடவே ஷெர்பாக்கள் இருந்தார்கள், இரண்டு வருஷம் முன்பு உடைந்த காலும் செயற்கை முழங்காலும் இருந்தன. பிறகு, நடந்து கீழே வந்தார்.